தனுஷ்கோடிக்கு அப்புறம் என்ன மாறியது?

"1964லேயே தனுஷ்கோடியைப் புயல் அழித்தது, அப்போது ஏது பருவநிலை மாற்றம்?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். புயல் அன்றும் வந்தது, இன்றும் வருகிறது. மாறியிருப்பது அதற்குக் கிடைக்கும் தீனி: பருவநிலை மாற்றத்தால் கடலும் காற்றும் சூடாகிவருகின்றன. கடலின் மேற்பரப்பு ஏறக்குறைய 26.5 டிகிரிக்கு மேல் சூடானால்தான் புயல் உருவாகும். அதற்கு மேல் ஏறும் சூடெல்லாம் அதற்கு ஊட்டம். காற்றோ ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். அத்தனையும் மழையாகத்தானே இறங்க வேண்டும்? 2017இல் ஒக்கி புயல் மளமளவென்று வலுத்தபோது ஆழ்கடலில் இருந்த மீனவர்களுக்குக் கரை திரும்பவே நேரமில்லை.

கடல் இல்லாத மதுரைக்காரனுக்கு இதில் என்ன என்று நானும் இருந்தவன்தான். 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், திண்டுக்கல் வழியாகக் கேரளா வரை போனது. நத்தத்தில் மாமா தோப்பில் காய்த்துக்கொண்டிருந்த மாமரங்கள் வேரோடு கிடந்தன. மாமா அன்று சாப்பிடவே இல்லை.

அப்புறம் எங்கள் மதுரையின் செல்லூர். 2024 அக்டோபரில், புயல் இந்தப் பக்கம் வராமலே, கொட்டிய மழைக்கு வீடுகளுக்குள் தண்ணீர். அதில் வாய்க்கால் ஆக்கிரமிப்புக்கும் பங்கு உண்டு. எல்லாப் பழியையும் வானத்தின் மேல் போட முடியாது.