ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு ஒரு நடை

போன வருஷம் ஒரு நாள் ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு, லைட்டைக்கூடப் போடாமல், எங்கள் வீட்டு ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மனைவி ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். "என்னங்க, ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா?" என்றாள். பிரச்சினை ஆபீஸில் இல்லை. போனில் ஒரு பழக்க ஆப் தினமும் நடக்கச் சொன்ன 10,000 காலடிக்கு இன்னும் எழுநூற்றுச் சொச்சம் பாக்கி இருந்தது. மணி பன்னிரண்டு அடித்தால், ஒரு நாளும் விடாமல் கட்டிக்காத்த 41 நாள் தொடர் அறுந்துவிடும். இதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் "அஜீரணம்" என்றேன். ஓமம் போட்டு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அதைக் குடித்துக்கொண்டே மிச்சத்தையும் நடந்து முடித்தேன்.

நம்மைக் கொஞ்சம் மேம்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற பைத்தியம் எனக்கு எப்போதும் உண்டு. ஜனவரி பிறந்தால் போதும், போனில் புதிதாக ஏதாவது ஏறிவிடும். தண்ணீர் குடிக்கச் சொல்ல ஒன்று, செலவு எழுத ஒன்று, பழக்கங்களுக்கு டிக் அடிக்க ஒன்று. தக்காளி முறையையும் விட்டுவைக்கவில்லை. தக்காளி வடிவ சமையலறைக் கடிகாரத்தை வைத்துப் படித்த பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் 1980-களின் கடைசியில் உருவாக்கியது அது. 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவனுக்கு 25 நிமிஷத்தை யார் தருவார்கள்? ஏழாவது நிமிஷத்தில் "சார், அந்த ஜிஎஸ்டி ஃபைல்..." என்று ஒரு தலை எட்டிப் பார்க்கும். மார்ச் வந்தது, தக்காளி அழுகியது.

நடுராத்திரியில் நடக்க வைத்த அந்தப் பழக்க ஆப்பின் பெயர் வேண்டாம். எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்த அன்று நான் ஆஸ்பத்திரி வராண்டாவில் நாற்காலியில் உட்கார்ந்தே கிடந்தேன். மறுநாள் காலை போனைத் திறந்தால் ஒரு அழுமூஞ்சிப் படம்: தொடர் அறுந்துவிட்டது, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள். எனக்கு வந்த கோபத்தைப் பாருங்கள்! அம்மா கண்ணில் கட்டோடு பக்கத்து அறையில் படுத்திருக்கிறார், நான் ஒரு பொம்மை முகத்தோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அங்கேயே அதை அழித்தேன்.

கோபம் தணிந்த பிறகுதான் இந்த எண்களெல்லாம் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தேன். 10,000 அடி என்பது டாக்டர்கள் கூடி முடிவு செய்த கணக்கு இல்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த அடுத்த வருஷம், 1965-இல், ஜப்பானில் ஒரு நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டது. அதன் பெயர் மன்போ-கெய், அதாவது பத்தாயிரம் அடி மீட்டர். விற்பதற்கு வைத்த பெயர் அறுபது வருஷம் கழித்து தாம்பரத்தில் ஒருவனை நடுராத்திரியில் நடக்க விடுகிறது! "21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்" என்பதும் இதே கதைதான். முக அறுவை செய்துகொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழக ஏறக்குறைய 21 நாளாவது ஆகிறது என்று அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960-இல் எழுதினார். வாய் வழியாகப் போகப் போக "ஆவது" உதிர்ந்துவிட்டது, புது முகமும் உதிர்ந்துவிட்டது, 21 மட்டும் மிச்சம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் பழக்கமாகச் சராசரியாக 66 நாள் ஆகிறது, ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறுகிறது என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. இதை அந்த அழுமூஞ்சிக்கு யாராவது படித்துக் காட்டினால் தேவலை.

சரி, இவ்வளவு பட்டும் போனில் ஒன்றைப் புதிதாக ஏற்றினேன். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் இலவசமாகத் தரும் மெர்லின். மைக்கைத் திறந்துவிட்டால், கேட்கிற ஒலி திரையில் கோடுகளாக ஓடும், கீழே பறவையின் பெயர் விழும். எங்கள் தெருவில் பல வருஷமாகக் காலையில் "டுக்... டுக்... டுக்" என்று ஒரு சத்தம் விடாமல் கேட்கும். பின்தெருவில் யார் வீட்டிலோ மோட்டார் பழுது, சரிசெய்ய மனசில்லாத கஞ்சன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பால்கனியில் போனை நீட்டிய முதல் நாளே அந்தக் கஞ்சனின் பெயர் தெரிந்துவிட்டது: செம்மார்புக் குக்குறுவான். பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பருமன். எதிர் வீட்டு அரசமரத்தில் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது. ஒவ்வொரு "டுக்"குக்கும் தலையை ஆட்டுகிறது. அந்தப் பக்கம் திரும்பினால் சத்தம் தூரத்திலிருந்தும், இந்தப் பக்கம் திரும்பினால் பக்கத்திலிருந்தும் வருவதுபோல இருக்கும். எத்தனை வருஷம் பின்தெருக்காரர் மேல் பழி போட்டிருக்கிறேன், பாவம்.

"இதுவும் எண்ணிக்கைதானே?" என்று ஆபீஸ் நண்பர் மடக்கினார். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்து, மொட்டைமாடியில் நின்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணி இ-பேர்ட் தளத்தில் ஏற்றியதை அவரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். 15 நிமிஷத்தில் காக்கை 11, தவிட்டுக்குருவி 6, மைனா 4, குயில் 1. எண்ணிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே எண்ணப்படுவது நான் இல்லை. அந்த 15 நிமிஷமும் நான் எப்படி இருக்கிறேன், நேற்றைவிடத் தேறினேனா என்ற நினைப்பே வரவில்லை. மறுநாள் போகாவிட்டால் மைனா அழுமூஞ்சி காட்டாது. எனக்கு இதுதான் இப்போது அளவுகோல். ஒரு ஆப் என்னை வெளியே பார்க்க வைக்கிறதா, என்னையே பார்த்துக்கொண்டிருக்க வைக்கிறதா? இரண்டாவது என்றால் வேண்டாம், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். சர்க்கரை அளவு, பிரஷர் என்று உடம்புக்காக எண்ணியே தீர வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் இதைச் சொல்லவில்லை.

தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வேடந்தாங்கல் போனோம். விடியும் முன்பே கிளம்பி, ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் டிரங்க்) ரோட்டில் போய், படாளம் கூட்டுரோட்டில் வலது பக்கம் திரும்பினோம். கரையில் நின்று பெருமையாக மெர்லினைத் திறந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆயிரக்கணக்கில் பறவைகள் ஒரே நேரத்தில் இரையும் இடத்தில் அது என்ன செய்யும்? போதாக்குறைக்கு நாரைகள் பாடுகிற இனமும் இல்லை, அலகைத் தட்டிச் சத்தம் போடுபவை. பையன் "அப்பா, உங்க ஆப்புக்குத் தொண்டை கட்டிருச்சு" என்றான்.

அப்போதுதான் அம்மா ஆரம்பித்தார். அவர் பிறந்தது மதுராந்தகம் பக்கம். ஆபரேஷன் ஆன கண்ணால் தண்ணீருக்குள் நின்ற கடப்பமரத்தைக் காட்டி, "அதோ பாருடா, நத்தைகுத்தி. வாயை மூடினாலும் நடுவுல சந்து தெரியும் பாரு" என்றார். பைனாகுலரில் பார்த்தேன். உண்மைதான், மூடிய அலகின் நடுவே ஆகாசம் தெரிந்தது. நத்தையைப் பிடித்து வெளியே இழுக்க வாகான அலகு அது. கூழைக்கடாவையும் அவரேதான் காட்டினார். பாம்புத்தாராவை "பாம்பு மாதிரி கழுத்தை மட்டும் நீட்டும் பாரு, அது" என்றார். இந்த ஏரித் தண்ணீர் பாயும் வயலுக்கு உரம் வேண்டாம், எச்சம் கரைந்த தண்ணீரே போதும் என்று தாத்தா சொல்வாராம். ஊர்க்காரர்கள் அந்தப் பறவைகளைச் சுட விடாமல் காத்ததற்கும் அதுதான் காரணம். 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் ஊர்க்காரர்களின் உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அம்மாவுக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை.

இந்த வருஷம் இன்னொன்றும் உருப்படியாகச் செய்தேன். தமிழ்99 விசைப்பலகை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய அமைப்பு. அப்பா தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவர், அவர் பிள்ளை இத்தனை காலமும் "அம்மா"வை எழுத மனசுக்குள் ஆங்கில எழுத்தாக உடைத்துத்தான் தட்டிக்கொண்டிருந்தான். தமிழ்99-இல் உயிர் எழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. அ, ம, ம, ஆ என்று தட்டினால் புள்ளி தானாக விழுந்து "அம்மா" வந்துவிடும். "பந்து"க்கும் அப்படித்தான்: ப, ந, த, உ. ந-வுக்குப் பின் த வந்தால் நடுவில் புள்ளி வேண்டும் என்று அதற்கே தெரியும். முதல் இரண்டு வாரம் நரகம். ஒரு வாட்ஸ்அப் பதில் அனுப்புவதற்குள் எதிரில் இருப்பவர் சாப்பிட்டுத் தூங்கிவிடுவார். அப்புறம் ஒரு நாள், எந்த விசை எங்கே என்று யோசிக்காமலே அரைப் பக்கம் ஓடியிருந்தது. எத்தனையாவது நாள் என்று கேட்காதீர்கள். குறித்து வைக்கவில்லை.

இந்தப் பதிவு முழுவதும் அதில்தான் தட்டினேன். ழ மட்டும் இன்னும் குனிந்து பார்க்க வைக்கிறது. வலது சுண்டுவிரலுக்குக் கீழே, ஆங்கிலத்தில் கேள்விக்குறி இருக்கும் விசையில் இருக்கிறது.