எவ்வளவு இறக்கலாம்னு கேக்காதீங்க

போன ஞாயித்துக்கிழமை காவேரிப்பட்டணத்துல இருந்து ஒரு தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். செகண்ட் ஹேண்ட்ல ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் எடுத்திருக்கான், என்கிட்ட இருக்கிற அதே 2017 மாடல். 230 குதிரைத்திறன், முன்சக்கர இழுவை, நாலு கதவு. என் வண்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு அவன் கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, ஸ்பிரிங் மாத்துனா எவ்வளவு இறக்கலாம்?"

ஒரு மில்லிமீட்டர்கூட இறக்காதேன்னு சொன்னேன். முகம் வாடிப்போச்சு. ரேஸ் டிராக் போற ஆளு, இவரே இப்படிச் சொல்றாரேன்னு நெனச்சிருப்பான். கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி பக்கம் வேகமான வண்டி வச்சிருக்கிற பசங்க முக்கால்வாசிப் பேர் இதையேதான் கேக்குறாங்க. அதனால அவன்கிட்ட பேசினதை இங்க முழுசா எழுதிடுறேன்.

நானும் இறக்கினவன்தான். வண்டி வாங்கின புதுசுல பெங்களூர்ல ஒரு கடையில 35 மில்லிமீட்டர் இறக்குற ஸ்பிரிங் செட் போட்டேன். ஷாக் அப்சார்பர் கம்பெனியோட வந்ததே. "ஷாக் நல்லா இருக்கு சார், மாத்த வேண்டியதில்ல"ன்னாங்க. வீல் ஆர்ச்சுக்கும் டயருக்கும் நடுவுல இருந்த இடைவெளி மறைஞ்சு, வண்டி தரையோட ஒட்டி நின்னுச்சு. கே.ஆர்.பி. டேம் பக்கம் நிறுத்தி போட்டோ எடுத்தேன். ஒரு வாரம் அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வாரம் அப்பாவைத் தருமபுரிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அவருக்கு முதுகுத் தண்டுல ரொம்ப நாளா வலி. சந்தூர் பக்கம் எங்க மாந்தோப்பு, அங்க இருந்து மெயின் ரோடு வர்றதுக்குள்ள வரிசையா ஸ்பீட் பிரேக்கர், ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. ஒவ்வொண்ணுலயும் அப்பாவோட கை, கதவுக்கு மேல இருக்கிற பிடியை இறுக்கிப் புடிச்சுது. "வலிக்குதாப்பா"ன்னு கேட்டேன். "பரவால்ல, நீ ரோட்டைப் பாத்து ஓட்டு"ன்னாரு. திரும்பி வர்றப்போ அவர் பஸ்ல வர்றேன்னு சொன்னதை நான் இன்னும் மறக்கல.

அப்புறம்தான் ஓசூர்ல ஒரு வயசான மெக்கானிக் அண்ணன் ஒரு விஷயம் காட்டிக் கொடுத்தாரு. பத்து பைசா செலவில்லாத வேலை. வண்டியை ஜாக்கியில தூக்கி, ஷாக்கோட தூசி உறையை மேல தள்ளிட்டு, பளபளன்னு இருக்கிற அந்தத் தண்டைச் சுத்தி ஒரு கேபிள் டையை இறுக்கமா மாட்டி, சிலிண்டரோட வாய்க்கிட்ட இறக்கி வைக்கணும். வண்டி ஓடும்போது ஷாக் அமுங்க அமுங்க, சிலிண்டர் அந்த டையை மேல தள்ளிட்டே போகும். திரும்பி வந்து பார்த்தா, ஷாக் எவ்வளவு தூரம் அமுங்குச்சுன்னு டை நிக்கிற இடம் சொல்லிடும். மேல, தண்டோட உச்சியில, நுரை மாதிரி ஒரு ரப்பர் இருக்கும். அதுதான் பம்ப் ஸ்டாப். டை அது வரைக்கும் போயிருந்தா, சஸ்பென்ஷன் முடிஞ்சு வண்டி ரப்பர் மேல உக்காந்துட்டுதுன்னு அர்த்தம்.

தோப்புல இருந்து மெயின் ரோடு வரைக்கும் போய்ட்டு வந்தேன். முன்பக்கம் ரெண்டு டையும் ரப்பரோட ஒட்டி நின்னுச்சு. அளந்து பார்த்தேன். கம்பெனி ஸ்பிரிங்ல, வண்டி சும்மா நிக்கும்போது பம்ப் ஸ்டாப்புக்கு 55 மில்லிமீட்டர் இருந்திருக்கு. 35 இறக்கினதுல மிச்சம் 20. ரெண்டு விரல் அகலம்கூட இல்லை. அந்த 20 மில்லிமீட்டருக்குள்ளதான் அப்பாவோட முதுகு, ஸ்பீட் பிரேக்கர், குழி எல்லாம் அடங்கணும்.

சரி, ஊர் ரோட்டுக்குத்தான் ஆகலை, டிராக்ல நல்லா இருக்கும்னு நெனச்சேன். சென்னைக்குப் பக்கத்துல இருக்கிற இருங்காட்டுக்கோட்டைக்குப் போனேன். 1990-ல திறந்த டிராக், சுத்து 3.7 கிலோமீட்டர். பர்கூர், வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியா இங்க இருந்து 200 கிலோமீட்டருக்கு மேல. நம்மகிட்ட டிரெய்லர் கிடையாது. டிராக்ல ஓட்டுற அதே வண்டியிலதான் போகணும், அதே வண்டியிலதான் திரும்பி வரணும்.

நாலாவது சுத்துல ஒரு நீளமான வளைவு. வெளிப்பக்க முன்சக்கரத்து மேல மொத்த பாரமும் சாயுது. ஸ்டீரிங்ல நல்ல கனம் தெரியுது, டயர் புடிச்சிட்டு இருக்கு. திடீர்னு ஸ்டீரிங் லேசாயிடுச்சு. வண்டி திரும்பாம நேரா வெளிய போகுது. ஆக்சிலேட்டரை மெல்ல விட்டு எப்படியோ ஓரத்துக்குள்ளயே அடக்கிட்டேன். நடந்தது இதுதான்: வளைவுக்கு நடுவுல ஷாக் பம்ப் ஸ்டாப்புல போய் முட்டிடுச்சு. அதுவரைக்கும் மெதுவா ஏறிட்டு வந்த ஸ்பிரிங்கோட விறைப்பு ஒரே நொடியில பல மடங்காயிடுது. அந்த பாரத்தை டயர் தாங்காது, பிடியை விட்டுடும். ரோட்டுல அப்பாவைக் குத்தின அதே ரப்பர்தான் டிராக்ல என்னை வெளிய தள்ளுச்சு.

இன்னொண்ணு, இது கேக்குறதுக்கு நம்பவே முடியாத மாதிரி இருக்கும். இறக்கினதுக்கப்புறம் வண்டி சாய்றதுக்கான நெம்பு கூடிப்போச்சு. முன்னாடி இருக்கிறது மெக்பெர்சன் ஸ்ட்ரட், ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணா சேர்ந்த தூண் மாதிரி. இதுல சக்கரத்தைக் கீழ இருந்து புடிச்சிருக்கிற லோயர் ஆர்ம், வண்டியோட உடம்புல இருந்து சக்கரத்துக்குப் போகும்போது லேசா கீழ்நோக்கிச் சரிஞ்சிருக்கணும். வண்டி எந்தப் புள்ளியைச் சுத்திச் சாயும்ங்கிறதை ஆர்மோட அந்தச் சரிவு தீர்மானிக்குது. 35 மில்லிமீட்டர் இறக்கினா ஆர்ம் படுத்துடும். வண்டியோட எடை மையம் 35 மில்லிமீட்டர்தான் இறங்குது, ஆனா சாயுற புள்ளி அதைவிட ரொம்பக் கீழ போயிடுது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தூரம் நீளுது. கடப்பாரை நீளமானா நெம்புறது சுலபமாகுதில்ல, அதே கணக்கு. புது ஸ்பிரிங்கோட விறைப்புல ஒரு பங்கு அதைச் சமாளிக்கவே செலவாயிடுது. என் முன் டயர் ரெண்டுலயும் வெளி ஓரம் மட்டும் தேஞ்சு வழுவழுன்னு ஆயிடுச்சு, உள் ஓரம் புதுசு மாதிரி இருந்துச்சு.

கம்பெனி ஷாக் அந்த ஸ்பிரிங்கைத் தாங்குமான்னா தாங்காது. ஸ்பிரிங் விறைப்பா இருந்தா அமுங்கினதுக்கப்புறம் வேகமா எகிறும், அந்த எகிறலைப் புடிச்சு நிறுத்துற பலம் ஷாக்குக்கு வேணும். 14,000 கிலோமீட்டர்ல முன் ஷாக் ரெண்டும் எண்ணெய் கசிஞ்சு, மேல இருக்கிற மவுண்ட் கட கடன்னு சத்தம் போட ஆரம்பிச்சுது. கடைக்குப் போனேன். "நீங்க ஓட்டுற விதம் அப்படி சார்"ன்னாங்க. எனக்கு இன்னும் அதுல வருத்தம் உண்டு. ஷாக் மாத்த வேண்டாம்னு சொன்னதே அவங்கதான்.

எல்லாத்தையும் கழட்டிட்டு மறுபடி ஆரம்பிச்சேன். இந்தத் தடவை முதல்ல தேஞ்சதை மாத்தினேன். லோயர் ஆர்ம் ரப்பர் புஷ், பால் ஜாயிண்ட், ஸ்ட்ரட் மவுண்ட். கேக்குறதுக்குச் சப்புன்னு இருக்கும், ஆனா பழைய வண்டியில புஷ் வெடிச்சிருக்கும்போது எவ்வளவு விலை உசந்த ஷாக் போட்டாலும் வீணுதான். அப்புறம் நல்ல டயர். அப்புறம் பிரேக் பேடும் புது டாட் 4 பிரேக் ஆயிலும். அந்த ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், பழசா இருந்தா டிராக் சூட்டுல கொதிச்சு பெடல் தரையோட போயிடும். இவ்வளவும் முடிச்சதுக்கப்புறம்தான் ஷாக்.

ஷாக்குக்கு பில்ஸ்டீன் பி6 எடுத்தேன். பில்ஸ்டீனோட இன்னொரு மாடலான பி8 இறக்கின ஸ்பிரிங்குக்காக நீளம் குறைச்சுச் செஞ்சது, பி6 கார் கம்பெனி வச்ச உயரத்துக்கே. விலை அந்த ஸ்பிரிங் செட்டைப்போல ரெண்டு மடங்குக்கு மேல. ஆனா உள்ள இருக்கிற சமாச்சாரமே வேற. சாதாரண ஷாக்ல ஒரு குழாய்க்குள்ள இன்னொரு குழாய். டிராக்ல ஏழெட்டு சுத்துல எண்ணெய் சூடேறி, வாயுவோட கலந்து நுரை கட்டும். நுரை கட்டினா ஷாக் இருந்தும் இல்லாத மாதிரிதான். பி6 மாதிரி ஒற்றைக்குழாய் ஷாக்ல எண்ணெயையும் வாயுவையும் ஒரு மிதக்குற பிஸ்டன் பிரிச்சு வச்சிருக்கும், எண்ணெய் நேரா வெளிச்சுவரைத் தொட்டுட்டு இருக்கிறதால சூடும் சீக்கிரம் இறங்கும். பில்ஸ்டீன் இதை மெர்சிடிஸ் வண்டிகளுக்குக் கொண்டுவந்தது 1950-கள்ல. புது வித்தை ஒண்ணும் கிடையாது.

ஸ்பிரிங் விறைப்புக்கு ஒரு சின்னக் கணக்கு சொல்றேன், இது தெரிஞ்சா கடைக்காரர் சொல்றதை எடை போட்டுப் பார்க்கலாம். என் வண்டியில ஒரு முன்சக்கரத்து மேல உக்காந்திருக்கிற எடை சுமார் 400 கிலோ. சக்கரத்துகிட்ட விறைப்பு, அதாவது ஒரு மில்லிமீட்டர் அமுக்கத் தேவையான விசை, 28 நியூட்டன்னா, வண்டி தானா ஆடுற வேகம் நொடிக்கு 1.3 தடவை. அதையே 60 நியூட்டன் ஆக்கினா கிட்டத்தட்ட 2 தடவை. ரோட்டு வண்டிங்க பொதுவா ஒண்ணுல இருந்து ஒன்றரைக்குள்ள இருக்கும். ரெண்டுக்கு மேல போனா டிராக் மட்டும் ஓட்டுற வண்டி. விறைப்பை ரெண்டு மடங்கு ஆக்கினா ஆட்டம் ரெண்டு மடங்கு ஆகாது, வர்க்கமூலக் கணக்குலதான் ஏறும்.

முன்னாடி பின்னாடி விகிதம் இன்னும் முக்கியம். 1930-கள்ல ஜெனரல் மோட்டார்ஸ்ல மாரிஸ் ஆலிங்கிற ஒரு இன்ஜினியர் இதை ஆராய்ஞ்சு சொன்னாரு: பின்பக்கம் ஆடுற வேகம் முன்பக்கத்தைவிடக் கொஞ்சம் கூட இருக்கணும். மேடு முதல்ல முன்சக்கரத்துல அடிக்குது, பின்சக்கரத்துக்கு லேட்டா வருது. பின்பக்கம் கொஞ்சம் வேகமா ஆடினாத்தான் முன்பக்கத்தை எட்டிப் புடிச்சு, ரெண்டும் சேர்ந்து அடங்கும். நான் முதல்ல போட்ட செட்ல முன்பக்கம்தான் கூடுதல் விறைப்பு. ஸ்பீட் பிரேக்கர் தாண்டினதுக்கப்புறம் வண்டி ஏத்தம் இறைக்கிற மாதிரி முன்னும் பின்னும் ஆடிட்டே இருந்ததுக்குக் காரணம் எனக்கு அப்போதான் புரிஞ்சுது.

இப்போ ஸ்பிரிங் கம்பெனியோடதே. வண்டி சாயாம இருக்க பின்னாடி கொஞ்சம் தடிமனான ஆன்டி ரோல் பார், இடது வலது சஸ்பென்ஷனை இணைக்கிற கம்பி. முன்சக்கர இழுவை வண்டியில பின் பாரை விறைப்பாக்கினா வளைவுல முன் டயர் மேல விழுற பாரம் கொஞ்சம் சமமாகும், வண்டி மூக்கைத் திருப்பும். அந்த பார்ல ரெண்டு துளை இருக்கு. ரோட்டுக்கு விறைப்பு குறைஞ்ச துளை, டிராக்குக்கு விறைப்பான துளை. டிராக்கோட பிட்ல சாய்வில்லாத இடத்துல நிறுத்தி, பின்பக்கம் ரெண்டு சக்கரத்தையும் ஸ்டாண்டுல தூக்கி, ரெண்டு போல்ட் கழட்டி மாட்ட 20 நிமிஷம். திரும்பறதுக்கு முன்னாடி மறக்காம மாத்திடுவேன். மழையில ஈர ரோட்டுல, வளைவுல ஆக்சிலேட்டரை சட்டுன்னு விட்டா விறைப்பான துளையில பின்பக்கம் சுத்திட்டு வர பார்க்கும். நம்ம நெடுஞ்சாலையில அதுக்கு இடமே கிடையாது.

முன்னாடி கேம்பர் பிளேட் போட்டு, சக்கரத்தோட மேல்பக்கம் உள்ள சாயுற மாதிரி ரெண்டு டிகிரி மைனஸ் கேம்பர் வச்சிருக்கேன். மைனஸ் கேம்பர் டயரைத் தின்னுடும்னு எல்லாரும் பயமுறுத்துவாங்க. டயரை உண்மையில தின்றது டோ, அதாவது மேல இருந்து பார்த்தா சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்கிற கோணம். டோவைப் பூஜ்ஜியத்துல வச்சு ஓட்டுறேன், தேய்மானம் கிட்டத்தட்ட சமமாத்தான் இருக்கு. டிராக்ல குளிர்ந்த டயர்ல 29 பிஎஸ்ஐ வச்சு ஆரம்பிச்சா சூடேறி 36 வருது. டயர் ஓரத்துல சாக்பீஸ்ல கோடு போட்டு, எவ்வளவு அழிஞ்சிருக்குன்னு பார்த்துக் காத்தைக் கூட்டிக் குறைக்கிறேன். ஒரு சாக்பீஸ், ஒரு கேஜ். இதுக்கு மேல எந்தக் கருவியும் எனக்கு இன்னும் தேவைப்படலை.

சட்டத்தையும் அந்தத் தம்பிகிட்ட சொன்னேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. விவரம் கம்பெனி கொடுத்த அளவுல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொல்லிடுச்சு. என்ன மாத்தினாலும் முதல்ல ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ்லயும் கேட்டுக்கோங்க. வழக்கமான கார் பாலிசியில பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் காப்பீடு கிடையாதுன்னு எழுதியே இருக்கும். டிராக்ல இடிச்சா மொத்தமும் நம்ம கைக்காசு.

அவன் கேட்ட இன்னொரு கேள்விதான் எனக்குப் பயத்தைக் கொடுத்துச்சு. "டிராக் தூரம் அண்ணா, தொப்பூர்ல ராத்திரி ஓட்டிப் பாக்கலாமா?" தொப்பூர் கணவாய் இறக்கத்துல பிரேக் புடிக்காத லாரி எத்தனை பேரை அடிச்சிருக்குன்னு இந்த ரெண்டு மாவட்டத்துல யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பார வண்டி முக்கித் திணறி இறங்குற ரோடு அது. சஸ்பென்ஷன் எவ்வளவு நல்லா இருந்தாலும் வளைவுக்கு அந்தப் பக்கம் கிரானைட் கல்லோட நிக்கிற லாரியை அது காட்டிக் கொடுக்காது. இருங்காட்டுக்கோட்டை இல்லைன்னா கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல கரி ஸ்பீட்வே இருக்கு, சேலம் வழியா போகலாம். வருஷத்துக்கு ரெண்டே தடவை போனாலும் போதும். வத்தல்மலையோ ஒகேனக்கல் ரோடோ தொப்பூரோ, எங்கேயும் வேணாம்னு அவன்கிட்ட கையைப் புடிச்சுச் சொன்னேன்.

அப்பா இப்போ என் வண்டியிலதான் வர்றாரு. ஷாக் மாத்தினதுக்கப்புறம் முதல் தடவை தருமபுரி போனப்போ காரிமங்கலம் தாண்டுறதுக்குள்ள தூங்கிட்டாரு.

அந்தத் தம்பி கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் அவன் வண்டியை ஜாக்கியில தூக்கி, நாலு கேபிள் டை மாட்டினோம். வீட்டுக்குப் போய் போட்டோ எடுத்து அனுப்புன்னேன். ராத்திரி ஒன்பது மணிக்கு வந்துச்சு. கம்பெனி ஸ்பிரிங், கம்பெனி உயரம், வீட்டுல நாலு பேரையும் ஏத்திட்டு ஒரு சுத்து போய்ட்டு வந்திருக்கான். முன்பக்கம் பம்ப் ஸ்டாப்புக்கு ஒரு விரற்கடைதான் மிச்சம்.