பெயரையும் பதிலையும் ஒரே தாளில் எழுதாதீர்கள்

காட்டோர ஊர்களில் வீடு வீடாகக் கேள்வி கேட்க வருகிற ஆய்வாளர்களே, அந்தக் கணக்கெடுப்புப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நீலகிரியில், முதுமலைக் காட்டை ஒட்டிய மசினகுடிப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மா கைநாட்டு வைக்கிறார், பக்கத்தில் காக்கி உடுப்பில் வனக் காவலர். கீழே "மக்கள் முழு ஒத்துழைப்பு" என்று வேறு எழுதியிருக்கிறார்கள். காக்கி பக்கத்தில் நிற்கும்போது யார் முடியாது என்பார்கள்? இதற்குப் பெயர் சம்மதமா?

"மாடு எங்கே மேய்கிறது, விறகு எங்கே எடுக்கிறீர்கள் என்பதெல்லாம் சாதாரணக் கேள்விதானே" என்கிறார்கள். எங்களுக்குச் சாதாரணம் இல்லை. 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை உரிமை என்கிறது. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் புலிகள் காப்பகங்களில் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. நடுவில் மாட்டிக்கொண்டவரிடம் பெயரும் ஜிபிஎஸ் புள்ளியும் வாங்கிக்கொண்டு இதைக் கேட்டால் அது வாக்குமூலம். மான்கறி பற்றிக் கேட்டால் ஜெயில் வரைக்கும் போகும்.

என் அத்தை வீட்டுக்கும் ஒருமுறை வந்தார்கள். ரேஷன் கார்டு விஷயமாக வந்தவர்கள் என்று நினைத்து, டீ போட்டுக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னார். கொஞ்ச நாளில் விறகுக்குப் போன இடத்திலேயே வனக் காவலர்கள் மறித்தார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அதற்கப்புறம் யார் கேட்டாலும் அத்தை "காட்டுக்கே போறதில்லைங்க" என்பார். கேட்டவரும் எழுதிக்கொள்வார். கொல்லைச் சுவரில் காட்டு உண்ணிச்செடியின் விறகுக் கட்டு சாய்ந்திருக்கும்.

"அப்போ ஆய்வே வேண்டாமா, புலி அழியட்டுமா?" என்று வருவீர்கள். யார் சொன்னது? கேளுங்கள், பெயரை எழுதாமல் கேளுங்கள். 1965-லேயே ஸ்டான்லி வார்னர் என்பவர் இதற்கு வழி சொல்லிவிட்டார். அதன் எளிய வடிவம் இது: பதில் சொல்பவர் மறைவாக நாணயம் சுண்டுவார். தலை விழுந்தால் "ஆமாம்" என்றே சொல்வார், பூ விழுந்தால் உண்மையைச் சொல்வார். யார் செய்தார் என்று யாருக்கும் தெரியாது. நூறு பேரில் ஏறக்குறைய ஐம்பது பேர் நாணயத்தால் "ஆமாம்" என்றவர்கள்; அவர்களைக் கழித்துவிட்டு மிச்ச ஐம்பதில் எத்தனை "ஆமாம்" என்று பார்த்தால் ஊர் மொத்தத்துக்கும் விகிதம் கிடைத்துவிடும். இதைப் படித்துவிட்டுத்தானே வருகிறீர்கள்?

"கைநாட்டு வாங்கினோமே" என்று மறுபடி ஆரம்பிக்காதீர்கள். முடியாது என்று சொன்னால் ஒன்றும் ஆகாது என்பதை அந்த அம்மாவிடம் அவர் பேசும் மொழியில் யாராவது சொன்னீர்களா?

2007-ல் முதுமலையைப் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். எங்களைக் கேட்டு எல்லை போடவில்லை. இப்போது கேட்கவென்றே வருகிறவர்களும் இப்படித்தான் கேட்பார்கள் என்றால் எங்களுக்கு வலிக்காதா? எத்தனை குழு வந்து போயிருக்கிறது! என்ன எழுதினோம் என்று திரும்பி வந்து ஊர்க்கூட்டத்தில் தமிழில் படித்துக் காட்டிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை.