டாங்கிள் விக்கிற கம்பெனிக்காரங்களே, டப்பா மேல சிப் பேர போட என்னய்யா கஷ்டம் உங்களுக்கு?

ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும் கம்ப்யூட்டருக்கு வைஃபை குடுக்க யூஎஸ்பில சொருகற ஒரு வைஃபை டாங்கிளோட மல்லுக்கட்டியிருக்கேன், இன்னும் வயித்தெரிச்சல் அடங்கல.

போன வருஷம் ஒன்னு வாங்கினேன், விண்டோஸுக்குப் பதிலா நான் போட்டிருக்கற லினக்ஸ் மின்ட்ல சொருகின உடனே நெட் வந்துச்சு, சிப்ப ஓட்டுற சாஃப்ட்வேர், அதான் டிரைவர், அப்படினு ஒரு வார்த்தை கேக்கல. சரி தங்கச்சி கம்ப்யூட்டருக்கும் அதே போதும்னு சென்னைல கம்ப்யூட்டர் சாமான் விக்கிற ரிச்சி ஸ்ட்ரீட் போய் அதே கம்பெனி, அதே மாடல் நம்பர், அதே கலர் டப்பானு பாத்துப் பாத்து வாங்கிட்டு வந்து சொருகினா கம்முனு கெடக்கு. யூஎஸ்பில என்னென்ன சொருகியிருக்குனு காட்டுற எல்எஸ்யூஎஸ்பி கமாண்ட் அடிச்சா சிடி டிரைவ்னு காட்டுது! விண்டோஸ் டிரைவர உள்ளயே வச்சிருக்காங்களாம், அத எஜெக்ட் பண்ணாதான் வைஃபையா மாறும். மாத்தினா, உள்ள இருக்கறது வேற சிப், அதுக்கு வேற டிரைவர் வேணும். டப்பாவ திருப்பிப் பாத்தா ஓரத்துல பொடி எழுத்துல வெர்ஷன் 2.

லினக்ஸ் சப்போர்ட்னு வேற போட்டிருக்கான். அவன் சைட்ல இருக்கற டிரைவர் பழைய 4.4 கெர்னலுக்கு (லினக்ஸோட மையப் பகுதி) எழுதினது, மின்ட் 22ல ஓடுறது 6.8, எப்படிய்யா அது கம்பைல் ஆகி ஓடுற புரோகிராமா மாறும்? புரோகிராம் கோட பகிர்ற கிட்ஹப் சைட்ல ஒருத்தர் காசு வாங்காம அத புது கெர்னலுக்கு சரி பண்ணி வச்சிருக்கார், அவர் நல்லா இருக்கணும். அத இறக்கவும் நெட் வேணுமே, மொபைல யூஎஸ்பி கேபிள்ல சொருகி அதோட நெட்ட டெதரிங்ல வாங்கி இறக்கி, கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவர திரும்ப கம்பைல் பண்ற டிகேஎம்எஸ்ல சேத்து, கம்பைல் பண்ணா அப்பவும் அந்த டிரைவர் மாட்யூல் லோட் ஆகல. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே பாதுகாப்பு பாக்கற செக்யூர் பூட் ஆன்ல இருந்தா டிஜிட்டல் கையெழுத்து இல்லாத மாட்யூல உள்ள விடாது, அதுக்கு ஒரு சாவி பதிஞ்சு, ரீபூட் பண்ணி, நீல ஸ்கிரீன்ல பாஸ்வேர்ட் அடிச்சு அப்புறம்தான் நெட்டே வந்துச்சு. நாளைக்கே புது கெர்னல் வந்து உள்ள ஒரு ஃபங்ஷன் மாறினா மறுபடி முதல்லேருந்து.

இதுல "சிப்செட் பாத்து வாங்கணும் ப்ரோ"னு அட்வைஸ் வேற. எங்க பாக்கறது? டப்பால இல்ல, கடைக்காரருக்கும் தெரியாது, சீல் பிரிச்சா திருப்பி எடுக்க மாட்டாங்க. அஞ்சு ரூபா மாத்திரை அட்டைல கூட கம்பெனி வச்ச பேரோட உள்ள இருக்கற மருந்து பேரும் இருக்கு. சிப்ப மாத்துறியா, மாத்திக்கோ, மாடல் நம்பரையும் சேத்து மாத்து!

தங்கச்சிக்கு என்னோட பழைய டாங்கிள குடுத்துட்டேன். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அவ இதெல்லாம் பண்ணிட்டு உக்கார முடியாது.