வியர்வைப் பட்டை சர்க்கரை அளவைச் சொல்லாது

செங்கோட்டைப் பக்கம் காலை நடை போகிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "இந்தப் பட்டையைக் கையில் கட்டி நடந்தால் போதும், வியர்வையிலேயே ரத்தச் சர்க்கரை தெரியும். இனி விரலில் குத்த வேண்டாம்." இது தவறு.

வியர்வையை அளக்கும் கருவிகள் இருப்பது உண்மைதான். 2016-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சோடியம், பொட்டாசியம், லாக்டேட், குளுக்கோஸ் நான்கையும் அளக்கும் பட்டையைச் செய்து காட்டினார்கள். ஆனால் வியர்வையில் உள்ள சர்க்கரை, ரத்தத்தில் இருப்பதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். வேகமாக நடந்தால் அளவு மாறும். மாம்பழம் தின்ற கையைச் சரியாகக் கழுவாவிட்டால் அந்தப் பிசுக்கே கணக்கைக் கெடுக்கும்.

கையில் ஒட்டும் சிஜிஎம் (சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் கருவி) வேறு. அதில் மெல்லிய இழை தோலுக்கடியில் போகிறது.

தோலைத் துளைக்காமல் சர்க்கரை அளக்கும் எந்த ஸ்மார்ட் வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அதன் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

எங்கள் பக்கத்து வீட்டு அத்தை இன்சுலின் போடுகிறவர். தப்பான எண்ணை நம்பி ஊசி அளவைக் கூட்டினால், சர்க்கரை தாழ்ந்து புளியரைச் சாலையிலேயே மயங்கி விழக்கூடும். தயவுசெய்து அந்தப் பட்டைச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டீர்களா? சரி, அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போடுங்கள்.