கராஜ் கதவைப் பற்றி ஏன் ஒருவரும் வாய் திறப்பதில்லை?

கடந்த ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடிகாலை 5:40. கனடாவில் நாங்கள் இருக்கும் மார்க்கம் நகரில் அன்று −22 பாகை. வீட்டோடு ஒட்டிய கராஜில் நின்ற காருக்குள் அம்மாவை ஏற்றி, பெல்ட் போட்டு, மடியில் போர்வையையும் விரித்துவிட்டேன். வாரத்தில் 3 நாள் அவருக்கு டயாலிசிஸ். 6:30க்கு அங்கே கதிரையில் இருக்க வேண்டும். கராஜ் கதவு மேலெழச் சுவரிலுள்ள பொத்தானை அழுத்தினேன். மோட்டார் உறுமியது, கதவு ஒரு விரற்கடைகூட எழவில்லை. மேற்பலகை மட்டும் வில்லாக வளைந்து நின்றது. மறுபடியும் அழுத்தினேன். மூன்றாவது முறை, அடியில் சாக்கைக் கிழிப்பது போல ஒரு சத்தம். அது அடங்குவதற்குள் தலைக்கு மேலே துவக்கு வெடித்தது போல இன்னொரு சத்தம். "ஐயோ பிள்ளை!" என்று அம்மா காருக்குள்ளிருந்து கத்தினார்.

கிழிந்தது கதவின் அடி ரப்பர். வெடித்தது ஸ்பிரிங்.

டாக்சி வர 40 நிமிடம் ஆனது. 78 வயது மனுஷியை வீட்டுக்குள்ளால் திரும்பக் கூட்டிவந்து, முன்வாசல் படிகளில் உறைந்து கிடந்த பனிக்கு மேலால் கைத்தாங்கலாக இறக்கினேன். போய்ச் சேர்ந்தபோது, அடுத்தவரின் முறைக்குள் முழுச் சிகிச்சையையும் முடிக்க நேரம் இருக்கவில்லை. 4 மணி நேரச் சிகிச்சைக்குப் பதிலாக அன்று அம்மாவுக்குக் கிடைத்தது இரண்டரை மணி நேரம். அங்குள்ளவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த முறை வரும்வரை வீங்கிக் கிடந்த அம்மாவின் கால்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. ஒரு கதவுக்காகவா இது?

என் கோபம் குளிர்மேல் இல்லை. இந்த நாட்டுக்கு வந்து 20 வருடங்களுக்கு மேலாகிறது. குளிரோடு சண்டை பிடித்துப் பயனில்லை என்பது எனக்குத் தெரியும். இந்தக் கதவுக்குக் கீழே வந்து நின்று, பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் போன அத்தனை பேர்மேலும்தான் எனக்குக் கோபம்.

புதுவீட்டைக் கையளித்த அன்று, கட்டியவர்களின் ஆள் ஒருவர் 2 மணி நேரம் எங்களை வீடு முழுக்க நடத்திக் காட்டினார். சமையலறை லாச்சி எப்படிச் சத்தமில்லாமல் மூடும் என்பதற்கே 5 நிமிடம் பேசினார். கராஜுக்கு வந்ததும், "இது ரிமோட், இது பொத்தான்", அவ்வளவுதான். வீட்டில் அசையும் பொருட்களுள் மிகப் பெரியது அந்தக் கதவு. 16 அடி அகலம், 7 அடி உயரம், 150 முதல் 200 இறாத்தல் வரை எடை. அதற்கு வருடத்தில் ஒரு முறையாவது எண்ணெய் காட்ட வேண்டும் என்று சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

நாலு வருடம் கழித்து மோட்டார் பழுதாகி, புதியது பூட்ட ஒருவர் வந்தார். ஏணியில் ஏறி ஒரு மணி நேரம் நின்றார். அவர் கண்ணுக்கு நேரே ஒரு முழ தூரத்தில் ஸ்பிரிங் துருவேறி, வறண்டு கிடந்தது. கீழே ரப்பர் கல்லாக இறுகி வெடித்திருந்தது. பார்த்திருப்பார். பார்க்காமல் அந்த வேலையைச் செய்யவே முடியாது. காசை வாங்கிக்கொண்டு, தன் தொலைபேசி எண் அச்சடித்த ஸ்டிக்கரைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்.

அந்தச் செவ்வாய் மாலை ஸ்பிரிங் மாற்ற வந்தவர் எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒருவர், வயது முப்பதுக்குள் இருக்கும். "குளிர் விழுந்தால் ஸ்பிரிங் உடையும் அண்ணா, இன்றைக்கு இது எனக்கு ஏழாவது வீடு" என்றார். "இலையுதிர் காலத்திலேயே பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே, ஏன் தம்பி ஒருவரும் சொல்வதில்லை?" என்று கேட்டேன். நேர்மையான பையன். கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உடைந்த பிறகுதானே அண்ணா கூப்பிடுகிறார்கள்" என்றார். இரண்டு ஸ்பிரிங்கும் அடி ரப்பரும் சேர்த்து 620 டாலர்.

அவரிடம் துருவித் துருவிக் கேட்டபோதுதான் எல்லாம் விளங்கியது. கதவைத் தூக்குவது மோட்டார் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். இல்லை. எடையைச் சுமப்பது மேலேயிருக்கும் ஸ்பிரிங். மோட்டார் அதை இழுத்துத் தள்ளுகிறது, அவ்வளவே. சாதாரண ஸ்பிரிங்குக்கு ஆயுள் ஏறத்தாழ 10,000 தடவை. ஒரு முறை திறந்து மூடினால் ஒரு தடவை. ஒரு நாளைக்கு 4 தடவை என்று வைத்தாலும் வருடத்துக்கு 1,460. ஏழாவது வருடத்துக்குள் கணக்கு முடிந்துவிடும். எங்கள் வீட்டுக்கு அப்போது வயது 7. ஆயுள் முடியும் தறுவாயில் இருந்த ஸ்பிரிங்கைத்தான் குளிர் முறித்தது. குளிரில் உருக்கு நொறுங்கும் தன்மை கூடுகிறது, பழைய கிரீஸ் மெழுகாக இறுகுகிறது, உருளைகள் ஓட மறுக்கின்றன, கதவு கனக்கிறது. அந்தக் கூடுதல் கனத்தை மோட்டார்தான் இழுக்க வேண்டியிருக்கிறது. கையில் கல்குலேட்டர் இருக்கும் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு இது.

இனித் தண்ணீர். கராஜின் தரை வாசலை நோக்கிச் சரிவாகவே அமைக்கப்படுகிறது; ஈரமும் எண்ணெயும் வீட்டுப் பக்கம் வராமல் வெளியே ஓடுவதற்காக. நல்லது. ஆனால் மாலையில் நாம் வீட்டுக்கு வரும்போது காரின் சில்லுக் குழிகளில் வாளிக் கணக்கில் பனிச்சேறு ஒட்டியிருக்கிறது. இரவில் அது உருகி, சரிவின் வழியே ஓடி, மூடிய கதவின் அடி ரப்பரில் போய்த் தேங்குகிறது. வெளியே தார் போட்ட பாதை கொங்கிறீட் விளிம்பைவிட அரை அங்குலம் உயர்ந்திருந்தால் போதும், ஒரு சொட்டும் வெளியேறாது. விடிகாலையில் அது ரப்பரையும் தரையையும் சேர்த்து உறைந்துவிடும். இதுதான் அன்று எங்கள் கதவைப் பிடித்து வைத்திருந்தது. படுக்கப் போகுமுன் ரப்பர் துடைப்பத்தால் அந்தத் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டுக் கதவை மூட 2 நிமிடம் ஆகும். 7 குளிர்காலம் அதைச் செய்யாமல் கழித்திருக்கிறோம்.

கதவு ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். கேத்திலில் கொதிநீர் ஊற்றச் சொல்கிறார்கள். −20இல் ஊற்றிய நீர் எங்கே போகும்? அதே ரப்பருக்குக் கீழே போய் முன்னையதைவிடத் தடிப்பாக உறையும். உப்புப் போடச் சொல்கிறார்கள். வீதிக்குப் போடும் சாதாரணப் பாறை உப்பு −10க்குக் கீழே கிட்டத்தட்டப் பயனற்றது. அது கொங்கிறீட்டையும் கதவின் கீழ்விளிம்பையும் தின்பதுதான் மிச்சம். துருப்பிடித்த ஆணியைக் கழற்ற அடிக்கும் மெல்லிய எண்ணெயை எல்லாவற்றுக்கும் அடிக்கச் சொல்கிறார்கள். அது இருக்கிற பசையையும் கழுவிக்கொண்டு போய்விடும். எல்லாவற்றிலும் மோசமானது, நான் செய்த அதே காரியம்: பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவது. ரப்பர் கிழியும், மோட்டாருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரம் மொட்டையாகும், மேற்பலகை வளைந்து மடங்கும். ஒரு முறை அழுத்தி அசையாவிட்டால் கையை எடுத்துவிடுங்கள். தலைமுடி உலர்த்தும் கருவியையும் பிளாஸ்டிக் சுரண்டியையும் கொண்டுவந்து பனியை மெல்ல விடுவியுங்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும்; சொல்லும்போதே கை நடுங்குகிறது. குளிரில் கதவு கனத்துப்போனதும் மோட்டாரின் இழுவிசையைக் கூட்டிவிடுகிறார்கள் சிலர். அப்படிச் செய்தால், கதவு கீழிறங்கும்போது குறுக்கே ஒரு பிள்ளையின் கால் இருந்தாலும் திரும்பி எழாமல் போகலாம். தரையிலிருந்து 6 அங்குலத்துக்குள் இரு பக்கமும் இருந்து, குறுக்கே எதுவும் வந்தால் கதவை மூடவிடாமல் தடுக்கும் சென்சர் கண்களில் பனிப்புகை படிந்தாலோ, தாழ்ந்து வரும் குளிர்கால வெயில் நேரே விழுந்தாலோ கதவு மூட மறுக்கும். துணியால் துடைத்தால் தீரும், அல்லது வெயிலை மறைக்க ஒரு சிறு மட்டை போதும். அதை விட்டுவிட்டு, அந்த இரண்டு கண்களையும் கழற்றி ஒன்றையொன்று பார்க்கும்படி மேலே கட்டிவைத்திருந்ததை எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் என் கண்ணாலேயே பார்த்தேன். அந்த வீட்டில் 3 வயதுக் குழந்தை இருக்கிறது. அமெரிக்காவில் 1993 முதல் தயாரான மோட்டார்களுக்கு இந்தப் பாதுகாப்பு ஏன் கட்டாயமானது? கதவுக்கடியில் அகப்பட்டுக் குழந்தைகள் செத்தார்கள். அன்று அந்த வீட்டில் நான் குரலை உயர்த்திப் பேசினேன். அதற்காக இன்றுவரை வருந்தவில்லை.

மூடிய கராஜுக்குள் காரைச் சூடாக்குகிறவர்களுக்கும் அதே குரலில்தான் சொல்வேன். கதவு அரைவாசி திறந்திருந்தாலும் புகை வீட்டுக்குள் வரும். எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் 2014 முதல் கராஜ் ஒட்டிய வீடுகளிலும் கார்பன் மொனொக்சைட் அலாரம் சட்டப்படி கட்டாயம். அன்று கதவு திறப்பதற்கு முன் நான் எஞ்சினை முடுக்காதது அம்மா செய்த புண்ணியம்.

சிவப்புக் கயிறு ஒன்று மோட்டாரிலிருந்து தொங்குமே, அது எதற்கு என்று உங்கள் வீட்டிலுள்ள எத்தனை பேருக்குத் தெரியும்? 2013 டிசம்பரில் உறைமழைப் புயல் அடித்தபோது ரொறன்ரோ நகரில் மட்டும் 3 லட்சத்துக்கும் அதிகமான மின் இணைப்புகள் செயலிழந்தன. அப்போது எங்கள் சொந்தக்காரர் ஒருவர் இரண்டு நாள் காரை வெளியே எடுக்கவில்லை, அந்தக் கயிறு தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்க. மூடிய கதவில் அதை இழுத்தால் மோட்டாரின் பிடி விடுபடும், கையால் தூக்கலாம். ஆனால் ஸ்பிரிங் உடைந்திருந்தால் தொடக்கூடாது. அந்த நிலையில், கதவு பாதி திறந்திருக்கும்போது இழுத்தால் முழு எடையும் தலையில் இறங்கும். இதை ஒரு மின்கட்டணச் சீட்டின் பின்பக்கத்தில் அச்சடித்து அனுப்ப எவ்வளவு செலவாகும்?

நம்மவர்கள்மேலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் வீட்டுக்கடன் வட்டி பேசுகிறோம், குளிர்கால ரயர் மாற்ற எங்கே நேரம் கிடைக்கும் என்று பேசுகிறோம், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் வடிகட்டி எந்தக் கடையில் மலிவு என்று பேசுகிறோம். கராஜ் கதவை ஒருவரும் எடுப்பதில்லை. அந்தக் கதவுக்கு மேலேயுள்ள அறையில்தான் பிள்ளைகளைப் படுக்க வைக்கிறோம். அங்கே மட்டும் ஏன் காலுறை போட்டாலும் குளிர்கிறது என்று கேட்டால் ஹீற்றரைக் கூட்டிவைக்கிறோம். கராஜ் விளக்கை அணைத்துவிட்டுப் பகலில் கதவோரம் நின்று பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் காற்று நுழையும் இடம்.

இந்த வருடம் நான் காத்திருக்கவில்லை. போன சனிக்கிழமை, வெளியே 9 பாகை, கதவைப் பற்றிய வேலையை நானே செய்தேன். சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவை இடுப்பளவு தூக்கிக் கையை விட்டேன், அசையாமல் நின்றது. அது கீழே விழுந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று பொருள், உடனே ஆளைக் கூப்பிட்டிருப்பேன். ஸ்பிரிங்கை மட்டும் ஒருவரும் தாமாகக் கழற்றக் கூடாது, முறுக்கேறிய அந்தக் கம்பி கையை முறித்துவிடும். தண்டவாளத்தை வெறுந்துணியால் துடைத்தேன், அதற்குள் கிரீஸ் பூசக் கூடாதாம், தூசி சேர்ந்து இறுகிவிடும். பிணைச்சல்கள், உருளைகளின் அச்சு, ஸ்பிரிங் எல்லாவற்றுக்கும் வெள்ளை லித்தியம் கிரீஸ். அடி ரப்பருக்கும் ஓர ரப்பருக்கும் சிலிக்கோன் ஸ்பிரே; கனிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். தளர்ந்திருந்த நட்டுகளை இறுக்கினேன். ரிமோட்டுக்குப் புது பற்றரி போட்டேன். எல்லாம் சேர்த்து 31 டாலர், ஒரு மணி 10 நிமிடம். அம்மா படியில் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவர்களுடைய கதவு ஒவ்வொரு இரவும் பதினொன்றரைக்கு அலறுகிறது, எங்கள் படுக்கையறை வரை கேட்கும். மிச்சமிருந்த ஸ்பிரே டப்பாவைக் கையோடு கொண்டுபோனேன். "பனி விழட்டும், அப்போது பார்க்கலாம் அண்ணா" என்றார் வீட்டுக்காரர். டப்பாவை அவர் வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன். இன்று காலை பார்த்தேன், அங்கேயே இருக்கிறது. இந்தக் கிழமை இரவுகளில் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே போகிறது.