போனை வைக்கச் சொல்லும் பள்ளிதான் ராத்திரி மெசேஜும் போடுகிறது

பெற்றோர் கூட்டங்களில் இப்போது தவறாமல் கிடைக்கும் அறிவுரை: "பிள்ளைங்க முன்னாடி போனை எடுக்காதீங்க." நல்ல அறிவுரைதான். அதே பள்ளி ராத்திரி எட்டரை மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறது: "நாளை எல்லோ டே. மஞ்சள் சட்டை, மஞ்சள் நிறப் பழம் ஒன்று கொடுத்து அனுப்பவும்." அதன் கீழே வரிசையாக 'ஓகே மேம்', 'நோட்டட் மேம்', கும்பிடும் கைகள். நடுவில் ஒருவர் கணக்கு ஹோம்வொர்க் எந்தப் பக்கம் என்று கேட்பார். இன்னொருவர் நோட்டைப் படமெடுத்துப் போடுவார். அதற்கும் கும்பிடும் கைகள். இதைப் பார்க்காமல் விட்டால் மறுநாள் மஞ்சள் சட்டைகளுக்கு நடுவே நீலச் சட்டையோடு முழிக்கப்போவது நம் பிள்ளை. எந்த அம்மா போனை அலமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாகக் கதை சொல்வாள்?

2020-இல் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது வேறு வழியில்லாமல் வந்த பழக்கம் இது. பள்ளி திறந்தாயிற்று, குரூப் மட்டும் போகவில்லை.

பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது போனைக் கீழே வைக்க முடியாததை மனக்கட்டுப்பாடு இல்லாத குறையாகவே எல்லோரும் பேசுகிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு குடும்பம் நடத்தத் தேவையான அத்தனை வேலையையும் அந்த ஒரு கருவிக்குள் திணித்துவிட்டு, அதைத் தொடாதே என்றால் எப்படி?

கரண்ட் பில் கட்டப் போனை எடுக்கிறோம். ஓடிபி வரவேண்டும். அதைப் பார்க்க மெசேஜுக்குப் போனால், மேலே ஆபீஸ் குரூப்பில் நம் பெயரைக் குறிப்பிட்டு ஏதோ வந்திருக்கிறது. பதில் போட்டுத் திரும்புவதற்குள் ஒரு ரீல்ஸ். பில் கட்டினோமா இல்லையா என்பதே மறந்து போகிறது. இது தற்செயலாக நடப்பதும் இல்லை. தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வரும் திரையை 2006-இல் வடிவமைத்த ஏசா ரஸ்கினே பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் நம்மை விடாமல் பிடித்து வைக்கிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காகப் புறா மீண்டும் மீண்டும் கொத்திக்கொண்டே இருக்கும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே சோதித்துக் காட்டிவிட்டார்.

பிள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. அப்பா பேப்பர் படித்தால் பேப்பர் படிக்கிறார் என்று குழந்தைக்குத் தெரியும். அம்மா பால் கணக்கு எழுதினால் நோட்டும் பேனாவும் கண்ணுக்குத் தெரியும். இப்போது பணம் அனுப்பினாலும், மருத்துவரிடம் நேரம் வாங்கினாலும், சினிமாத் துணுக்கு பார்த்தாலும் ஒரே குனிந்த தலை, ஒரே அசையாத முகம். எது முக்கியம், எது எப்போது முடியும் என்று குழந்தையால் ஊகிக்கவே முடியாது.

அந்த அசையாத முகம் குழந்தையை என்ன செய்யும் என்பதை 1970களிலேயே உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் சோதித்துப் பார்த்தார். கொஞ்சிக்கொண்டிருந்த அம்மா சில நிமிடம் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்திக் கூப்பிடும். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழத் தொடங்கும். 2014-இல் வெளியான பாஸ்டன் ஆய்வு ஒன்றில், துரித உணவகங்களுக்குப் பிள்ளைகளோடு வந்த 55 பெரியவர்களைக் கவனித்தார்கள். 40 பேர் போனை எடுத்தார்கள். அதில் மூழ்கிப்போன சிலர், கவனத்தை இழுக்கப் பார்த்த பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தார்கள்.

டிரானிக் சொன்ன இன்னொரு விஷயத்தை யாரும் அம்மாக்களிடம் சொல்வதில்லை. அம்மாவும் குழந்தையும் எல்லா நேரமும் ஒத்துப்போவதே கிடையாது. விட்டுப்போன தொடர்பு திரும்பச் சரியாவதுதான் முக்கியம் என்றார் அவர். தலையை நிமிர்த்தி, "சொல்லுடா, என்ன ஆச்சு?" என்று மறுபடி கேட்பதற்கு மதிப்பு உண்டு.

அம்மாக்களிடம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஆண் போனோடு உட்கார்ந்தால் 'ஏதோ வேலையா இருக்கார்'. பெண் உட்கார்ந்தால் 'எப்பப் பாரு போனுதான்'. பூட்டிய அடுக்குமாடி வீட்டில் மூன்று வயதுக் குழந்தையோடு பகல் முழுவதும் இருக்கும் பெண்ணுக்குப் பேச்சுத்துணை யார்? அக்காவும் தோழியும் அந்தப் போனுக்குள்தான் இருக்கிறார்கள். அதையும் பிடுங்கிவிட்டு அவளுக்கு என்ன தரப்போகிறோம்?

ஆபீஸ் விஷயம் தெரிந்ததே. வேலை நேரத்துக்குப் பிறகு வரும் செய்திகளிலிருந்து ஊழியரைக் காக்கும் சட்டம் பிரான்சில் 2017-இலும் ஆஸ்திரேலியாவில் 2024-இலும் நடைமுறைக்கு வந்தது. நம் மக்களவையில் எம்.பி. சுப்ரியா சுலே இதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேலாளர் அனுப்புவதைப் பார்க்காமல் விடும் தைரியம் எத்தனை பேருக்கு இருக்கும்?

வீட்டில் நாம் செய்யக்கூடியதில் எனக்கு நம்பிக்கை இருப்பது ஒன்றில்தான். போனை எடுக்கும்போது எதற்கு என்று பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்வது. "கரண்ட் பில் கட்டிட்டு வெச்சிடறேன்." சொல்லிவிட்டால் பிள்ளையே கணக்குக் கேட்கும்: "கட்டியாச்சா? அப்புறம் இன்னும் என்ன பண்றே?"

பள்ளியிடம் கேட்க வேண்டியதை அடுத்த கூட்டத்தில் எழுதியே கொடுக்கப்போகிறேன். ஹோம்வொர்க்கைப் பழையபடி டைரியில் எழுதி அனுப்புங்கள். மஞ்சள் சட்டை வேண்டுமென்றால் முந்தின வாரமே சொல்லுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் அவசரம் தவிர குரூப்பில் எதுவும் வேண்டாம். ராத்திரி உட்கார்ந்து செய்தி தட்டும் அந்த டீச்சர் வீட்டிலும் பிள்ளை இருக்கும். உங்கள் பள்ளியில் இன்னும் டைரிதான் என்றால் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள், மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.